மார்க் போடும் மகானுபாவர்கள்

சந்தையிலே மாட்டை நிறுத்தி, பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழியை எண்ணி, திமிலைத் தட்டி விலை சொல்லுகிற தரகரை நீங்கள் அறிவீர்கள். அவர் சொல்லுகிற விலை மாட்டின் தரத்தைப் பொறுத்ததா, தமக்குக் கிடைக்கப்போகும் தரகைப் பொறுத்ததா என்பதையும் அறிவீர்கள்! அமெரிக்க நாட்டில் அதுபோன்ற ஒரு சந்தை 1948-இல் தொடங்கி, இன்றளவும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் கலைந்து கொண்டிருக்கிறது. அங்கே நிறுத்தப்படுவோர் அந்நாட்டை ஆண்ட குடியரசுத் தலைவர்கள். விலை சொல்லுவோர், பட்டம் பல பெற்ற பேராசிரியர்கள், வரலாற்று நூல் வரைந்த அறிஞர்கள். இவர் முதல்வர், இவர் பத்தாமவர், இவர் எதற்கும் உதவாதவர் என்று ஆளுக்கொரு எண்ணை ஒட்டி அனுப்புகிறார்கள். "நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள்" என்றதும் ஏடுகள் வாய் பொத்தி நிற்கின்றன.

நிபுணர்கள் சொன்னால் நாமும் வாய் பொத்தத்தான் வேண்டுமா? பொத்துவதற்கு முன்னால் அந்தப் பட்டியலைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

1948-ஆம் ஆண்டு, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்துக் கொண்டிருந்த ஆர்தர் ஷ்லெசிங்கர் என்பார், தாம் தேர்ந்தெடுத்த 55 அறிஞர்களிடம் கருத்துக் கேட்டார். மாபெரும் தலைவர், ஏறத்தாழப் பெரியவர், சராசரி, சராசரிக்குக் கீழ், தோற்றவர் என்று ஐந்து படிகள். எந்தத் தலைவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று அவரவர் எழுதிக் கொடுத்தனர். கூட்டிக் கழித்து வரிசை போட்டு, 'லைஃப்' ஏட்டிலே வெளியிட்டார். 29 பேர் வரிசையில் நின்றனர். லிங்கன் முதல், வாஷிங்டன் இரண்டு, பிராங்க்ளின் ரூசுவெல்ட் மூன்று, உட்ரோ வில்சன் நான்கு, ஜெஃபர்சன் ஐந்து, ஆண்ட்ரூ ஜாக்சன் ஆறு. கிளீவ்லாண்டு எட்டு. கடைக்கோடியில் 28-ஆம் இடத்தில் கிராண்ட், 29-ஆம் இடத்தில் ஹார்டிங். இருவர் நெற்றியிலும் 'தோற்றவர்' என்ற முத்திரை.

1962-இல் அவரே மறுபடியும் 75 பேரைக் கேட்டார். 'நியூயார்க் டைம்ஸ்' வெளியிட்டது. 1996-இல் அவருடைய மகனார் கேட்டார். (தகப்பனார் 1962-இல் பட்டியல் போட்டுக் கொண்டிருந்த வேளையில், மகனார் கென்னடியின் மாளிகையிலே தனி உதவியாளராக அமர்ந்திருந்தார். குடும்பத் தொழில் அமோகமாக நடந்திருக்கிறது!) 2000-லிருந்து சி-ஸ்பேன் என்னும் தொலைக்காட்சி நிறுவனம், ஆட்சி மாறும்போதெல்லாம் ஒரு பட்டியல் தருகிறது. இன்னும் பல கல்லூரிகளும் கழகங்களும் தனித்தனியே கடை விரித்திருக்கின்றன.

"அமெரிக்காக்காரன் அவன் தலைவனுக்கு மார்க் போட்டுக் கொள்ளட்டும்; ஆலையில் சங்கு ஊதியதும் ஓடுகிறவனுக்கு அதனால் என்ன?" என்று கேட்கத் தோன்றும். தொடர்பு இருக்கிறது, தோழர்களே. அந்தச் சந்தையிலே நம்மைப் போன்ற ஒரு தொழிலாளியை மூன்று தலைவர்கள் எப்படி நடத்தினார்கள் என்பதை முதலில் கேளுங்கள்.

யூஜின் டெப்ஸ் என்பது அவர் பெயர். இளம் வயதிலேயே இரயில்வேயில் கூலிவேலைக்குச் சென்றவர். எஞ்சினுக்கு நெருப்புத் தள்ளியவர். 1893-இல் அமெரிக்க இரயில்வேத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியவர். மறு ஆண்டே புல்மன் போராட்டம் மூண்டது. இரயில் பெட்டி கட்டும் முதலாளி புல்மன், சிகாகோவுக்குத் தெற்கே தம் பெயராலேயே ஓர் ஊர் கட்டி, அங்கேயே தொழிலாளர்களைக் குடிவைத்திருந்தார். மந்தம் வந்தது, கூலியைக் காற்பங்கு அளவுக்கு வெட்டினார். வீட்டு வாடகையை வெட்டினாரா? இல்லை! கூலி கொடுக்கும் கையும் அவர் கை. வாடகை வாங்கும் கையும் அவர் கை. கொடுக்கிற கை சுருங்கிற்று. வாங்குகிற கை சுருங்கவில்லை. தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். புல்மன் பெட்டி பூட்டிய வண்டியைத் தொடமாட்டோம் என்று டெப்ஸின் சங்கம் அறிவித்தது. நாட்டின் பாதி அளவுக்கு இரயில்கள் நின்றன.

(அந்தச் சங்கத்துக்கும் ஒரு கறை உண்டு, மறைப்பது நேர்மையன்று. கறுப்பினத் தொழிலாளரைச் சேர்ப்பதில்லை என்று அந்த ஆண்டு மாநாட்டிலே முடிவெடுத்தனர். டெப்ஸ் வாதாடியும் கேட்கவில்லை. 112-க்கு 100 என்ற வாக்கில் அந்தக் கதவு அடைக்கப்பட்டது. அடைத்ததன் பலனைப் போராட்டத்திலே அனுபவித்தனர்.)

அப்போது குடியரசுத் தலைவர் கிளீவ்லாண்டு. அவருடைய அரசின் தலைமை வழக்கறிஞர் ஆல்னி, இரயில்வே முதலாளிகளுக்காக வழக்காடி வளர்ந்தவர். "தபால் தடைப்படுகிறது" என்று காரணம் சொல்லி, நீதிமன்றத் தடையாணை வாங்கி, 1894 ஜூலை முதல் வாரத்தில் சிகாகோவுக்குள் படையை அனுப்பினர். மாநில ஆளுநர் ஆல்ட்கெல்ட், "நான் கேட்கவில்லையே, எனக்கு வேண்டாமே" என்று முறையிட்டார். செவி சாய்ப்பார் இல்லை. நாடெங்கும் ஏறத்தாழ 30 பேர் மாண்டனர். போராட்டம் முறிந்தது. டெப்ஸுக்கு நீதிமன்ற அவமதிப்புக் குற்றத்துக்காக ஆறு மாதச் சிறை. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? படை அனுப்புவதற்குச் சில நாட்கள் முன்னால், ஜூன் 28-ஆம் நாள், தொழிலாளர் தினத்தை நாட்டு விடுமுறை ஆக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவரும் இதே கிளீவ்லாண்டுதான்! ஒரு கையால் தொழிலாளிக்கு விடுமுறை. மறுகையால் துப்பாக்கி முனை.

இந்தக் கிளீவ்லாண்டுக்குத்தான் 1948 பேராசிரியர்கள் எட்டாம் இடம் கொடுத்தனர். ஏறத்தாழப் பெரியவராம்! ஏன் கொடுத்தனர்? நேர்மையாளர், அஞ்சாநெஞ்சர், "முடியாது" என்று சொல்லும் துணிவுடையவர் என்று புகழ்ந்தனர். நேர்மையாளர்தான், மறுக்கவில்லை. துணிவும் உண்டு. 1887-இல், வறட்சியால் வாடிய டெக்சாஸ் உழவர்களுக்கு விதை வாங்கித்தர 10,000 டாலர் ஒதுக்கிய மசோதாவையும் அதே துணிவோடுதான் தள்ளினார். யாரிடம் துணிவு காட்டுகிறான் என்று பார்ப்பது உழைப்பவன் வழக்கம். அது பேராசிரியரின் சீட்டிலே இல்லாத கேள்வி.

கதை இங்கே முடியவில்லை. 1918-ஆம் ஆண்டு, முதல் உலகப் போர். இப்போது மாளிகையில் இருப்பவர் உட்ரோ வில்சன். ஒஹையோ மாநிலத்துக் கேன்டன் நகரில் டெப்ஸ் பேசினார்: போரை அறிவிப்பவன் ஒருவன், போய்ச் சாகிறவன் வேறொருவன் என்ற பொருள்படப் பேசினார். எரிகுண்டு வீசினாரா? இல்லை. பேசினார், அவ்வளவே. பத்து ஆண்டுச் சிறை விதித்தனர். 1918 நவம்பரில் போர் முடிந்தது, டெப்ஸ் விடுதலையாகவில்லை. அறுபத்தைந்தைத் தொட்ட முதியவர் அட்லாண்டாச் சிறையிலே கிடந்தார். அங்கிருந்தபடியே 1920 தேர்தலில் குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்று, 9 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் பெற்றார்! 1921 தொடக்கத்தில், "கிழவரை விட்டுவிடலாம்" என்று அரசின் தலைமை வழக்கறிஞரே எழுதி அனுப்பினார். வில்சன் "முடியாது" என்றார்.

அந்த ஆண்டே ஹார்டிங் பதவிக்கு வந்தார். டிசம்பர் 25-ஆம் நாள் டெப்ஸைச் சிறையிலிருந்து விடுவித்தார். விடுவித்ததோடு நில்லாமல், மறுநாள் மாளிகைக்கு வரவழைத்துக் கைகுலுக்கினார்.

இப்போது பட்டியலைப் பாருங்கள், தோழர்களே! டெப்ஸைச் சிறைக்கு அனுப்பிய கிளீவ்லாண்டு எட்டாமவர். சிறையிலேயே கிட என்ற வில்சன் நான்காமவர். கதவைத் திறந்துவிட்ட ஹார்டிங் கடைசி!

ஹார்டிங் உத்தமர் என்று எழுத வரவில்லை. அவருடைய கூட்டாளிகள் நாட்டு எண்ணெய் வயல்களைக் குத்தகைக்கு விட்டுத் தின்றனர். அமைச்சர் ஒருவர் இலஞ்சக் குற்றத்துக்காகப் பின்னாளில் சிறை சென்றார். 1922-இல் இரயில்வேப் பட்டறைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நீதிமன்றத் தடையாணையால் நசுக்கியதும் அவருடைய ஆட்சிதான். ஆனால் உருக்காலைகளில் அன்றாடம் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கியதை நிறுத்தச் சொல்லி முதலாளிகளை நெருக்கியவரும் அவரே. 1923-இல் அந்த ஆலைகள் பணிந்தன. அதேபோல் வில்சனும் வெறும் கொடியவர் அல்லர். இரயில்வேத் தொழிலாளிக்கு எட்டு மணி நேர வேலை தந்த 1916-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் கையெழுத்திட்டது. மனிதர்களின் கணக்கு இப்படித்தான் பின்னிக் கிடக்கும். நாலாம் நம்பர், இருபத்தொன்பதாம் நம்பர் என்று எண்ணை ஒட்டியவுடனே பின்னல் முழுவதும் மறைந்துவிடுகிறது. குழந்தைகள் பாடப்புத்தகத்தில் அந்த எண்ணைத்தான் நெட்டுருப் போடுகின்றன.

வில்சனுக்கு ஏன் நான்காமிடம் என்றும் ஒரு வார்த்தை. அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களில் ஆய்வுப் பட்டம் பெற்ற ஒரே ஒருவர் அவர்தான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். வரலாற்று நூல் எழுதியவர். வரலாற்று ஆசிரியர்களின் சங்கத்துக்கே தலைவராக்கப்பட்டவர். அதாவது, பரீட்சைத்தாள் திருத்துகிறவர்களின் சொந்தக்காரப் பிள்ளை! 1913-லிருந்து அவருடைய ஆட்சியில் கருவூலத்திலும் தபால் இலாகாவிலும் கறுப்பின ஊழியரையும் வெள்ளையரையும் தனித்தனியே பிரித்து உட்கார வைத்தனர். அதைக் கண்டித்து 1914-இல் நேரில் சென்று கேட்ட கறுப்பினத் தலைவர் மன்றோ டிராட்டரை, வில்சன் தம் அறையிலிருந்தே வெளியேறச் செய்தார். இது ஒளிவுமறைவாக நடந்ததன்று. அன்றைய நாளேடுகளில் வந்தது. 1948-இல் மார்க் போட்டவர்களுக்குத் தெரியாத செய்தியல்ல. தெரிந்தும் மார்க் குறையவில்லை. 2000-க்குப் பிறகு அவர் மேலும் வழுக்கினார். 2021 பட்டியலில் 13-ஆம் இடம்.

மார்க் போடுகிறவன் யார் என்ற கேள்விக்கு வந்துவிட்டோம். இங்கேதான் விஷயம் விளையாட்டாக இல்லாமல் போகிறது. கிராண்டின் கதையைக் கேளுங்கள்.

உள்நாட்டுப் போரில் அடிமை வைத்திருந்த மாநிலங்களை வென்ற தளபதி கிராண்ட். 1869-இல் குடியரசுத் தலைவரானார். நிறவேற்றுமை பாராட்டி வாக்குரிமை மறுக்கக்கூடாது என்ற 15-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1870-இல் நிறைவேறியது. நேற்றுவரை ஏலத்தில் விற்கப்பட்ட மனிதன் வாக்குச் சாவடிக்கு நடந்தான். பொறுக்குமா பழைய எசமானர்களுக்கு? முகமூடி அணிந்து, இரவிலே குதிரையேறி வந்து, வாக்களித்தவனைச் சவுக்கால் அடித்தனர், சுட்டனர், மரத்திலே தொங்கவிட்டனர். கு கிளக்ஸ் கிளான் என்பது அந்தக் கொலைக் கூட்டத்தின் பெயர். கிராண்ட் என்ன செய்தார்? 1870, 1871-இல் அந்தக் கூட்டத்தை ஒடுக்கச் சட்டங்கள் கொண்டுவந்தார். 1871 அக்டோபரில் தென் கரோலினாவின் ஒன்பது மாவட்டங்களில், பிடித்து அடைக்கும் அதிகாரத்தைப் படையிடம் கொடுத்தார். நூற்றுக்கணக்கானோர் கைதாயினர், கூட்டம் அப்போதைக்குச் சிதறியது. 1872 தேர்தலில் கறுப்பின மக்கள் ஓரளவு அச்சமின்றி வாக்களித்தனர்.

பிற்பாடு அவர் தளர்ந்தார். 1875-இல் மிசிசிப்பியில் அதே கொலைவெறி மூண்டபோது படை அனுப்பாமல் கையைக் கட்டிக் கொண்டார். அவருக்கு நெருங்கியவர்கள் சாராய வரியில் கொள்ளையடித்து அகப்பட்டனர். இவை அவர் கணக்கில் உள்ள கடன்கள். 1877-இல் அவருக்குப் பின் வந்தவர் தெற்கிலே மிச்சமிருந்த படைக் காவலையும் விலக்கிக் கொண்டார். 1890-இல் மிசிசிப்பி, புதிய சட்டம் எழுதிக் கறுப்பினத்தாரின் வாக்கைப் பறித்தது. மற்றத் தென் மாநிலங்கள் தொடர்ந்தன. பறித்த வாக்கு முறையாகத் திரும்பக் கிடைத்தது 1965-இல்.

அவ்வளவு காலம் ஒரு மக்களின் வாக்கைப் பறித்து வைத்திருப்பதென்றால், துப்பாக்கி மட்டும் போதாது, புத்தகமும் வேண்டும்! அந்தப் புத்தகத்தை எழுதிக் கொடுத்தவர்கள், கொலம்பியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டன்னிங் என்பாரும் அவருடைய மாணாக்கர்களும். விடுதலை பெற்றவன் வாக்களிக்கத் தகுதியற்றவன், அவனுக்கு உரிமை கொடுத்ததே பெருந்தவறு, வடக்கிலிருந்து வந்த படை அடக்குமுறைப் படை என்று மாநிலத்துக்கொரு நூலாக எழுதிக் குவித்தனர். மேற்கோள் இருந்தது, அடிக்குறிப்பு இருந்தது, பல்கலைக்கழக முத்திரை இருந்தது. நடுநிலையான வரலாறு என்று நாடே நம்பிற்று. அந்தப் புத்தகங்களைப் பாடமாகப் படித்து வளர்ந்த தலைமுறைதான் 1948-இல் உட்கார்ந்து மார்க் போட்டது. விடுதலை பெற்றவனுக்கு உரிமை தரும் சட்டத்தை 1866-இல் தடுக்க முயன்ற ஆண்ட்ரூ ஜான்சனுக்கு 19-ஆம் இடம். அந்த உரிமையைக் காக்கப் படை அனுப்பிய கிராண்டுக்கு 28-ஆம் இடம்!

மறுத்து எழுத ஆளில்லையா என்றால், இருந்தார். டுபாய்ஸ் என்னும் கறுப்பின அறிஞர் 1935-இலேயே பெரும் நூல் ஒன்று எழுதி, அந்தப் புனுகுப் பூச்சைச் சுரண்டிக் காட்டினார். கடைசி அத்தியாயத்தில், வரலாற்றுப் பேராசிரியர்கள் வரலாற்றின் பெயரால் பிரச்சாரம் செய்கிறார்கள் என்று நேருக்கு நேர் குற்றம் சாட்டினார். அவர் ஹார்வர்டிலேயே ஆய்வுப் பட்டம் பெற்றவர். அப்படியிருந்தும், பெரிய பல்கலைக்கழகங்கள் அவர் நூலை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. நிபுணர் என்ற பட்டத்தை நிபுணர்களே தங்களுக்குள் பங்கிட்டுக் கொள்ளும்போது, வெளியே நிற்பவன் எவ்வளவு படித்தாலும் வெளியேதான்.

பிறகு காலம் மாறிற்று. தெற்கிலே கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்தனர், ஊர்வலம் போயினர், தடியடி பட்டனர், சிறை நிரப்பினர், 1965-இல் வாக்குரிமைச் சட்டம் பெற்றனர். அவர்களின் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தனர். வரலாற்றைப் புதிதாக எழுதினர். பட்டியல் தலைகீழாயிற்று! சி-ஸ்பேன் பட்டியலில் கிராண்டுக்கு 2000-இல் 33-ஆம் இடம், 2009-இல் 23, 2017-இல் 22, 2021-இல் 20. ஜான்சனோ 2021-இல் 44 பேரில் 43-ஆமவர். இருவரும் 19-ஆம் நூற்றாண்டிலேயே மண்ணுக்குள் போய்விட்டவர்கள். எழுந்து வந்து ஒரு நல்லதோ கெட்டதோ செய்யவில்லை. ஏறியதும் இறங்கியதும் அவர்கள் அல்லர். தராசு பிடித்த கை மாறிற்று. அந்தக் கையை மாற்றியதும் மற்றொரு பேராசிரியர் குழு அன்று, அடிபட்டவர்களின் போராட்டம்.

ஐசனோவர் கதையும் இதுபோல ஒன்றுதான், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1962-இல் அவரை 31 பேரில் இருபதுக்கும் கீழே தள்ளினர். பந்தடித்துக் கொண்டு பொழுது போக்கியவர் என்பது அன்றைய பேராசிரியர்களின் எண்ணம். பிறகு அவருடைய அலுவலகக் காகிதங்கள் திறந்துவிடப்பட்டன. திரைமறைவில் அவரே எல்லாவற்றையும் நடத்தியிருக்கிறார் என்று 1982-இல் கிரீன்ஸ்டைன் என்பார் நூல் எழுதினார். 2017-இலும் 2021-இலும் ஐந்தாம் இடம்! காகிதத்தைப் பார்க்காமலே மார்க் போட்டது எந்த ஊர்ப் பரீட்சை?

சரி, இப்போதைய பட்டியல்கள் விஞ்ஞான முறைப்படி நடக்கின்றன என்கிறார்களே? சி-ஸ்பேன் 2021-இல் 142 பேரைக் கேட்டது. பத்துப் பாடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் பத்து வரை மார்க். மக்களை இணங்க வைத்தல், நெருக்கடியில் தலைமை, பொருளாதார நிர்வாகம், வெளியுறவு, நிர்வாகத் திறன், காங்கிரசோடு உறவு என்று போகிறது. அந்தப் பத்திலே ஒன்று, அனைவர்க்கும் சமநீதி. பத்துப் பாடத்துக்கும் ஒரே எடை! ஒருவன் ஓர் இனத்தையே மிதித்தாலும் ஒரு பாடத்தில்தான் மார்க் குறையும். சட்டமன்றத்தோடு குலவிக் கொண்டிருந்தால் இன்னொரு பாடத்தில் சரிக்கட்டிக் கொள்ளலாம். கூலி என்ற பாடம் இல்லை. குடியிருப்பு என்ற பாடம் இல்லை. பொருளாதார நிர்வாகம் என்கிறார்கள். யாருடைய பொருளாதாரம் என்று கேட்கவில்லை.

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள். 1841-இல் வில்லியம் ஹென்றி ஹாரிசன் என்றொருவர் பதவியேற்றார். 31 நாளில் இறந்துபோனார். அதிலும் கடைசி ஒரு வாரத்துக்கு மேல் நோய்ப்படுக்கை. தகப்பனார் ஷ்லெசிங்கராவது, இவருக்கு எப்படி மார்க் போடுவது என்று விட்டுவிட்டார். இப்போதைய விஞ்ஞானிகள் விடவில்லை. பத்துப் பாடத்திலும் மார்க் போட்டு, 2021-இல் 40-ஆம் இடத்தில் உட்கார வைத்தனர். ஏறத்தாழ நான்காண்டு ஆண்டவர்கள் நால்வர் அவருக்குக் கீழே! காய்ச்சலில் கிடந்தவரின் பொருளாதார நிர்வாகத்தை எந்தத் தராசில் நிறுத்தார்களோ!

ரீகன் விஷயம் நம் தொழிற்சங்கத் தோழர்கள் மறக்கக்கூடாதது. 1981 ஆகஸ்டில் விமான வழிகாட்டும் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 48 மணி நேரத்தில் திரும்பு என்றார். திரும்பாத 11,000-க்கு மேற்பட்டவர்களை ஒரே ஆணையில் வீட்டுக்கு அனுப்பினார். முந்திய ஆண்டுத் தேர்தலில் அந்தச் சங்கம் ஆதரித்தது இவரைத்தான்! அன்று முதல் அமெரிக்க முதலாளிகளுக்குத் துணிவு வந்தது. போராடுகிறவனை நீக்கிவிட்டு வேறு ஆள் வைப்பது வாடிக்கையாயிற்று. 1996-இல் மகனார் ஷ்லெசிங்கரின் 32 பேர் ரீகனைத் தாழ்ந்த சராசரி என்ற படியில் வைத்தனர். 2000-இல், இரு சார்பினரையும் சமமாகச் சேர்க்கிறோம் என்று சொல்லி வேறொரு கூட்டத்தார் போட்ட பட்டியலில் அவர் எட்டாமவர். நான்கே ஆண்டில் இத்தனை படிகள்! கேட்ட ஆளை மாற்றினால் விடை மாறுகிறது. 2021-இல் அவர் ஒன்பதாமவர். வேலையிழந்த அந்தப் பதினோராயிரம் குடும்பங்கள் எந்தப் பாடத்தில் கணக்கு வைக்கப்பட்டன என்று அந்தச் சீட்டிலே தேடினேன், அகப்படவில்லை.

இன்னும் ஆண்டு கொண்டிருப்பவருக்கே மார்க் போடும் அவசரமும் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் 154 அறிஞர்கள் பட்டியல் தந்தனர். அப்போது பதவியிலிருந்த பைடனுக்கு 14-ஆம் இடம். டிரம்புக்குக் கடைசி இடமான 45. அதே ஆண்டு ஜூலையில் பைடன் போட்டியிலிருந்தே விலக நேர்ந்தது. நவம்பரில் கடைசி இடத்துக்காரர் வென்றார்; 2025 ஜனவரியில் மீண்டும் மாளிகைக்குள் நுழைந்தார். வென்றவர் நல்லவர், அறிஞர்கள் பொய்யர்கள் என்று இதிலிருந்து முடிவு கட்டாதீர்கள். வாக்குக் குவியலும் தராசு ஆகாது. ஆண்ட்ரூ ஜாக்சன் பெருவாரியான வாக்கு வாங்கித்தான் வந்தார். வந்து 1830-இல் சட்டம் போட்டுத் தொல்குடி மக்களை அவர்கள் மண்ணிலிருந்து பெயர்த்தார். 1838-இல் செரோக்கி மக்கள் மேற்கே நடத்திச் செல்லப்பட்டபோது ஆயிரக்கணக்கில் வழியிலே மாண்டனர். அவரை ஆறாமவர் என்று 1948 அறிஞர்கள் புகழ்ந்தனர். 2021 அறிஞர்கள் 22-க்குத் தள்ளினர். 2024 கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, வேகாத சோற்றுக்குப் பதம் பார்த்தார்கள் என்பது மட்டுமே.

1962-இல் கென்னடியிடமும் அந்தச் சீட்டு வந்தது. அவர் நிரப்பித் தர மறுத்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, மேசைக்கு வரும் கடிதங்களையும் தகவல்களையும் பார்த்து, ஏன் அந்த முடிவெடுத்தார்கள் என்று அறியாதவருக்கு, பாவம் அந்த புக்கானனுக்குக்கூட மார்க் போட உரிமை கிடையாது என்ற பொருளில் அவர் பேசியதாகச் சொல்லுவர். (புக்கானன் 2021-இல் கடைசி.) கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதையும் நம்மால் முழுக்க ஏற்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குத்தான் உரிமை என்றால், நாற்காலியின் காலுக்கடியில் விரல் நசுங்கியவனுக்கு? அவனுக்கல்லவா முதல் உரிமை!

ஆகவே அறிஞர்களையே வேண்டாம் என்று சொல்லுகிறோமா? இல்லை. கிராண்டின் மேல் பூசிய சேற்றைத் துடைத்தது போராட்டம் என்றேன். போராட்டம் திறந்துவிட்ட கதவு வழியே உள்ளே சென்று, பழைய வழக்கு ஏடுகளையும், அடிபட்டவர்கள் கொடுத்த வாக்குமூலங்களையும் தேடிப் படித்துச் சொன்னவர்கள் அறிஞர்கள்தான். ஐசனோவரின் காகிதங்களைப் புரட்டியவரும் அறிஞர்தான். அவர்கள் நூறு நூறு பக்கங்களில் எழுதுகிறபோது நாம் கற்றுக் கொள்கிறோம். இதைச் செய்தார், இன்னாருக்குச் செய்தார், இன்ன விலை கொடுக்க வைத்தார் என்று ஆதாரம் தருகிறார்கள். ஒத்துப் பார்க்கலாம், மறுத்துப் பேசலாம். அதே அறிஞர் ஒரு சீட்டை வாங்கி "ஏழு" என்று எழுதிக் கொடுத்தால், அதில் ஒத்துப் பார்க்க என்ன இருக்கிறது? படிப்பகத்திலே நம் தோழர்கள் ஒரு பட்டியலைக் கண்டால், முதலில் கேட்டவர் யார், கேட்கப்பட்டவர் யார், என்னென்ன பாடம், எந்தப் பாடம் விடுபட்டது என்று பாருங்கள். பிறகு முதலிடத்துக்காரரிடமிருந்து தொடங்காமல், கடைசி இடத்துக்காரரிடமிருந்து படித்துப் பாருங்கள். ஹார்டிங்கைப் போல, கிராண்டைப் போல, அங்கே பல நேரங்களில் நமக்குரிய செய்தி கிடக்கும்.

நமக்கு ஒப்பான இடத்திலும் கவனம் வேண்டும். பிராங்க்ளின் ரூசுவெல்ட் எல்லாப் பட்டியலிலும் முதல் மூவரில் ஒருவர். உழைப்பாளியும் ஆமென்பான். சங்கம் சேரும் உரிமையைச் சட்டமாக்கிய ஆண்டு 1935. முதியோர் உதவித்தொகை அதே ஆண்டு. 1938-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம்: மணிக்கு 25 சென்ட். அதே மனிதர் 1942 பிப்ரவரியில் ஓர் ஆணையிட்டு, ஜப்பானிய வழியினர் ஏறத்தாழ 1,20,000 பேரை முள்வேலி முகாம்களில் அடைத்தார். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். 1938 சட்டத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. வயலில் வேலை செய்பவருக்கும், பிறர் வீட்டில் சமைத்துத் துவைப்பவருக்கும் அந்தக் கூலி கிடையாது என்று விலக்கு. தெற்கிலே கறுப்பின மக்களில் மிகப் பலர் செய்துகொண்டிருந்த வேலைகள் அந்த இரண்டும். வயல் தொழிலாளரில் ஒரு பகுதியினருக்கு அந்தச் சட்டம் எட்டியது 1966-இல். வீட்டு வேலைக்காரிக்கு எட்டியது 1974-இல். ரூசுவெல்ட் மூன்றாமவர் என்று அறிஞர்கள் எழுதிக் கொடுத்த 1948-இல், அவள் யாரோ ஒருவர் வீட்டு அடுப்படியில், அந்தச் சட்டம் வராத கூலிக்குப் பாத்திரம் தேய்த்துக் கொண்டிருந்தாள்.